"சென்சார் வரலை" என்றால் எங்கே தேடுவது? ராஸ்பெர்ரி பையில் ஒன்-வயர் அடாப்டர் கோளாறு, படிப்படியாக

"அண்ணா, எல்லாம் மாட்டிட்டேன், சென்சார் வரலை." காட்பாடி, குடியாத்தம் பக்கத்துத் தம்பிகளிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். கேள்வி ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பை, அதாவது ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி, அடாப்டரைப் பார்க்கிறதா? அடாப்டர் சென்சாரைப் பார்க்கிறதா? முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதில் கை வைக்காதீர்கள். முக்கால்வாசிப் பேர் நேராக சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதுசு வாங்கப் போகிறார்கள், கோளாறு அங்கே இருப்பதே இல்லை.

நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: ஒரு ராஸ்பெர்ரி பை, அதன் யூஎஸ்பியில் ஒன்-வயர் சென்சார்களைப் பையோடு இணைக்கும் டிஎஸ்9490ஆர் அடாப்டர் (ஒன்-வயர் என்றால் ஒரே டேட்டா வயரில் பல சென்சார்கள் பேசும் முறை), அதிலிருந்து நீளும் வயரில் டிஎஸ்18பி20 வெப்ப சென்சார்கள். அணைக்கட்டுப் பக்கம் மாமாவின் காளான் குடிலில் இதுதான் ஓடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் வெளியே நாற்பது டிகிரி தாண்டும்போது உள்ளே எந்த மூலை சூடாகிறது என்று தெரிந்தால்தான் எந்தச் சாக்கை நனைப்பது என்று தெரியும்.

கட்டளைகளை உச்சரிப்பு முறையில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் கரண்ட்

பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும், பை 3-க்கு 2.5 ஆம்பியர். போன் சார்ஜரும் மெலிசான கேபிளும் போட்டால் பை ஓடும், ஆனால் யூஎஸ்பியில் மாட்டியது அவ்வப்போது காணாமல் போகும். 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்' என்று தட்டுங்கள். 0எக்ஸ்0 வந்தால் சரி. 0எக்ஸ்50000 வந்தால் பையை ஆன் செய்த பிறகு எப்போதோ வோல்டேஜ் இறங்கியிருக்கிறது, 0எக்ஸ்50005 என்றால் இந்த நிமிடமே இறங்கியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் கீழே படிப்பதில் பயனில்லை.

பை அடாப்டரைப் பார்க்கிறதா

'எல்எஸ்யூஎஸ்பி' தட்டுங்கள். வரும் பட்டியலில் 04எஃப்ஏ:2490 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். எண்ணை மட்டும் பாருங்கள், பெயரைப் பார்க்க வேண்டாம், ஏனென்றால் பக்கத்தில் டாலஸ் செமிகண்டக்டர், டிஎஸ்1490எஃப் என்று வேறு மாடல் பெயர் இருக்கும், அதைப் பார்த்துத் தப்பான பொருளை வாங்கிவிட்டோமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் சிப் டிஎஸ்2490, அந்தச் சிப் போட்ட எல்லாவற்றுக்கும் இதே எண்தான். டாலஸ் கம்பெனியை 2001-லேயே மேக்சிம் வாங்கிவிட்டது, மேக்சிமை 2021-ல் அனலாக் டிவைசஸ் வாங்கியது, பட்டியலில் மட்டும் பழைய பெயர் அப்படியே இருக்கிறது.

எண் இல்லையா? அடாப்டரைக் கழற்றுங்கள். 'சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ' தட்டிவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே மறுபடி செருகுங்கள். ஒரு வரிகூடப் புதிதாக ஓடவில்லை என்றால் போர்ட்டோ நடுவில் இருக்கும் நீட்டிப்பு கேபிளோ ஹப்போதான் காரணம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நேராகப் பையில் செருகிப் பாருங்கள். டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71 என்று வரி வந்தால் அடாப்டர் பேச முயல்கிறது, பேச்சு பாதியில் அறுந்துபோகிறது என்று அர்த்தம். அதற்கும் பெரும்பாலும் கேபிள் அல்லது கரண்ட்தான் காரணம்.

அடாப்டரை யார் பிடித்திருக்கிறார்கள்

இங்கேதான் ரொம்பப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்த அடாப்டரோடு பேச இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பையில் ஓடும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கும் டிஎஸ்2490 மாட்யூல் (டிரைவர்). இன்னொன்று ஓடபிள்யூசர்வர் என்ற தனி புரோகிராம். அடாப்டர் ஒன்றுதான், ஒரு சமயத்தில் ஒருவர்தான் அதைப் பிடிக்க முடியும். செருகியவுடன் கெர்னல் முந்திக்கொள்ளும், பிறகு ஓடபிள்யூசர்வர் வந்து தேடினால் அதன் கைக்கு ஒன்றும் கிடைக்காது. எல்எஸ்யூஎஸ்பியில் அடாப்டர் தெரிகிறது, புரோகிராமோ இல்லை என்கிறது என்றால் முதல் சந்தேகம் இதுதான்.

'எல்எஸ்மாட்' தட்டினால் டிஎஸ்2490 பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். நாலைந்து சென்சார் மட்டும் என்றால் கெர்னல் வழியே போதும் என்பது என் கருத்து, ஓடபிள்யூசர்வர் போடவே வேண்டாம். /சிஸ்/பஸ்/டபிள்யூ1/டிவைசஸ் என்ற ஃபோல்டரைத் திறந்தால் 28- என்று தொடங்கும் பெயர் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒன்று இருக்கும், அதற்குள் டபிள்யூ1_ஸ்லேவ் என்ற கோப்பில் டி=27500 என்று இருந்தால் 27.5 டிகிரி.

ஓடபிள்யூசர்வர்தான் வேண்டும் என்றால் 'சூடோ ஆர்எம்மாட் டிஎஸ்2490' கொடுத்துக் கெர்னலின் பிடியை விடுவியுங்கள். ரீபூட் செய்தால் திரும்ப வந்துவிடும், அதனால் /இடிசி/மாட்புரோப்.டி ஃபோல்டரில் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பு போட்டு, 'பிளாக்லிஸ்ட் டிஎஸ்2490' என்ற ஒரே வரியை எழுதி வையுங்கள்.

அப்புறம் /இடிசி/ஓடபிள்யூஎஃப்எஸ்.கான்ஃப் கோப்பைக் கட்டாயம் பாருங்கள். பேக்கேஜோடு வரும் கோப்பில் 'சர்வர்: ஃபேக் = டிஎஸ்18எஸ்20,டிஎஸ்2405' என்று ஒரு வரி இருக்கும். சோதனைக்காக வைத்த பொய் சென்சார்கள் அவை. ஓடபிள்யூசர்வர் பார்க்கும் சென்சார்களைப் பட்டியலிடும் 'ஓடபிள்யூடிர்' கொடுத்ததும் 10.67சி6697351எஃப்எஃப் என்று ஒரு எண் வருகிறதா? அது உங்கள் சென்சார் இல்லை, அந்த வரியை அப்படியே விட்ட எல்லாருக்கும் வரும் எண் அதுதான். ஒருவர் அந்தப் பொய் சென்சார் காட்டும் வெப்பத்தை நம்பி ஃபேனை ஓடவிட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன், காளான் வைத்திருப்பவருக்கு அது நிஜ நஷ்டம். அந்த வரியின் முன்னால் # போட்டுவிட்டு, 'சர்வர்: யூஎஸ்பி = ஆல்' என்று எழுதி, 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஓடபிள்யூசர்வர்' கொடுங்கள்.

அடாப்டர் சென்சாரைப் பார்க்கிறதா

டிஎஸ்9490ஆர் அடாப்டருக்குள்ளேயே 81 என்று தொடங்கும் அடையாளச் சிப் ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன ஃபோல்டரிலோ ஓடபிள்யூடிர் பட்டியலிலோ 81 வந்து 28 வரவில்லை என்றால் பை, டிரைவர், புரோகிராம் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, கோளாறு வயரில். இனி மென்பொருளைத் தொடவே வேண்டாம், மல்டிமீட்டரை எடுங்கள்.

அடாப்டரின் ஆர்ஜே11 சாக்கெட்டில் நடுவில் இருக்கும் இரண்டு பின்கள்தான் முக்கியம், 3 டேட்டா, 4 கிரவுண்ட். இவற்றுக்கு நடுவே சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 5 வோல்ட் காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட். ஒரு வோல்ட்டுக்கும் கீழே நின்றால் ஏதோ ஒரு சென்சார் தலைகீழாக மாட்டியிருக்கிறது. அதற்கு முக்கியக் காரணம் வீட்டில் கிடக்கும் பழைய லேண்ட்லைன் கேபிள், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் வயர்கள் இடம் மாறி இருக்கும், போனுக்கு அது பரவாயில்லை, சென்சாருக்கு ஆகாது. தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் டிஎஸ்18பி20-க்கு இடது கால் கிரவுண்ட், நடு டேட்டா, வலது சப்ளை. தொட்டால் சுடுகிறதா, உடனே கழற்றுங்கள்.

எல்லா சென்சாரையும் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் ஒரு அடி வயரில் மாட்டிப் பாருங்கள். வந்தால் அடுத்தது, அதற்கு அடுத்தது. எந்த இடத்தில் பட்டியல் காலியாகிறதோ அங்கேதான் கோளாறு. வயரை நாலு திசைக்கும் பிரிக்காமல் ஒரே வரிசையாக இழுத்துக்கொண்டு போய் வழியில் சென்சார்களை இணைப்பது நல்லது, நெட்வொர்க் கேபிளில் முறுக்கிய ஒரு ஜோடியை டேட்டாவுக்கும் கிரவுண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரமான இடத்தில் வெறும் முறுக்கு ஜாயின்ட் சீக்கிரம் பச்சை பிடித்துப் போகும், சால்டர் வைத்து மேலே சுருங்கும் டியூப் போடுங்கள்.

சென்சார் வந்தும் 85 டிகிரியிலேயே நின்றால், அது அளந்த வெப்பம் இல்லை, கரண்ட் வந்ததும் சென்சாருக்குள் தானாக இருக்கும் ஆரம்ப மதிப்பு. 12 பிட் நுணுக்கத்தில் ஒரு முறை அளக்க 750 மில்லிசெகண்ட் வரை ஆகும், அதற்குள் கரண்ட் பற்றாமல் சென்சார் மறுபடி தொடங்கிவிடுகிறது. டேட்டா, கிரவுண்ட் என்ற இரண்டு வயரில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் மூன்றாவதாக சப்ளை வயரையும் இழுத்துவிடுங்கள்.

ஒவ்வொன்றாக மாட்டும்போதே 28-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்த்து, ஒரு துண்டு டேப்பில் எழுதி அந்தந்த வயரிலேயே ஒட்டிவிடுங்கள்.