ஆற்றைத் தாய் என்றால் போதுமா? பண்பாட்டையும் சுற்றுச்சூழல் கொள்கையையும் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சமூகம் இயற்கையை எந்தக் கண்ணோடு பார்க்கிறதோ, அதன் சாயல் அங்குள்ள சுற்றுச்சூழல் சட்டங்களில் விழாமல் இருக்காது. ஆனால் இந்த உறவை விளக்க வரும்போது நாம் அவசரப்பட்டுவிடுகிறோம். அந்தத் தவறுகள் கட்டுரைகளோடு நிற்பதில்லை. திட்டங்களாக மாறி மக்களை இடம்பெயர வைத்திருக்கின்றன.

அதிகம் பரவியிருக்கும் தவறு, "கிழக்கத்திய மரபு இயற்கையை வணங்கும், மேற்கத்திய மரபு அதை அடக்கும்" என்ற எளிய பிரிவினை. வழிபாட்டை வைத்துக் கொள்கையை ஊகிக்க முடியாது. மலையையும் மரத்தையும் தெய்வமாகக் கருதும் ஷிந்தோ மரபு வேரூன்றிய ஜப்பானில்தான், மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கொட்டியது. அதனால் வந்த நோய் 1956-இல் அடையாளம் காணப்பட்டது. ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டதோ 1968-இல். 1970-இல் ஜப்பானிய நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் மாசு தொடர்பான 14 சட்டங்களை நிறைவேற்றியது. அதற்கு வழிவிட்டது வழிபாடு அல்ல. பாதிக்கப்பட்டவர்களின் போராட்டமும் வழக்குகளும்தான்.

தன் பண்பாட்டின் பார்வையையே அறிவியல் என்று நம்பிவிடுவது இன்னொன்று. 1872-இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைந்தபோது, மனிதர் வாழாத இடமே தூய இயற்கை என்ற எண்ணம் வலுத்திருந்தது. ஷோஷோனி உள்ளிட்ட பழங்குடிகள் நெடுங்காலமாக அங்கே வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்தவர்கள். அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். தீ விஷயத்திலும் இதே கதைதான். எந்தக் காட்டுத்தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்தாக வேண்டும் என்று அமெரிக்க வனத்துறை 1935-இல் விதித்தது. விளைவாகச் சருகும் புதரும் பல்லாண்டுகள் குவிந்து, பின்னாளில் பெருந்தீக்கு இரையாகக் கிடந்தன. ஆஸ்திரேலியாவின் ஆர்னம் நிலப் பழங்குடிகளோ வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு சிறு தீ வைத்து, பிறகு வரும் பெருந்தீயைத் தடுத்து வந்தவர்கள். அந்த முறையை மீட்டெடுத்து, கார்பன் உமிழ்வைக் குறைக்கும் திட்டம் ஒன்று 2006 முதல் அங்கே நடக்கிறது.

சடங்கை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவதுதான் என் பார்வையில் ஆபத்தான தவறு. பாலித் தீவில் சுபக் என்னும் உழவர் அமைப்புகள், நீர்க்கோயில்களை மையமாகக் கொண்டு, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று முடிவு செய்து வந்தன. 1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. புதிய நெல் ரகத்தை இடைவெளியில்லாமல் பயிரிடுங்கள் என்று உழவர்களுக்குச் சொல்லப்பட்டது. கோயில் கால அட்டவணையை யாரும் மதிக்கவில்லை. கொஞ்ச காலத்திலேயே தண்ணீர்த் தட்டுப்பாடும் பூச்சித் தாக்குதலும் தலைதூக்கின. காரணம் இதுதான்: பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கும் எலிக்கும் இரை இல்லாமல் போகும், எல்லாரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமநிலையைக் கோயில் ஏற்பாடு காத்து வந்திருக்கிறது. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் கணினி மாதிரியின் மூலம் இதை விளக்கினார். 2012-இல் யுனெஸ்கோ சுபக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சரி, அப்படியானால் மரபான பார்வையைச் சட்டத்தில் எழுதிவிட்டால் போதுமா? போதாது. 2017 மார்ச்சில் இரண்டு நாடுகளில் ஆறுகளுக்குச் சட்ட ஆளுமை, அதாவது சட்டத்தின் கண்ணில் ஒரு மனிதரைப் போன்ற உரிமை, கிடைத்தது. நியூசிலாந்தின் வாங்கனூயி ஆற்றுக்கு நாடாளுமன்றச் சட்டம் அதைக் கொடுத்தது. அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரி மக்களின் நூறாண்டுக்கு மேற்பட்ட போராட்டம் அதன் பின்னால் இருந்தது. ஆற்றின் சார்பில் பேச, மாவோரி தரப்பிலிருந்து ஒருவர், அரசுத் தரப்பிலிருந்து ஒருவர், செலவுக்கு 3 கோடி நியூசிலாந்து டாலர் நிதி என்று எல்லாம் தெளிவாக எழுதப்பட்டன. கங்கை, யமுனைக்கு உத்தராகண்ட் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் வழியே கிடைத்தது. பாதுகாவலர்கள் அரசு அதிகாரிகள். வெள்ளம் வந்து சேதமானால் பொறுப்பு யாருடையது, வேறு மாநிலங்களில் ஓடும் ஆற்றுக்கு ஒரு மாநில அதிகாரி எப்படிப் பேசுவார் என்ற கேள்விகளோடு மாநில அரசே மேல்முறையீடு செய்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கங்கை மீதான பக்தி வாங்கனூயி மீதான பற்றைவிடக் குறைந்ததல்ல. ஆனால் கங்கைத் தீர்ப்பில், அந்த அதிகாரிகள் எந்தப் பணத்தில், எந்த அதிகாரத்தில் பேசுவது என்பது தெளிவாக எழுதப்படவில்லை.

ஒரு நாட்டுக்கு ஒரே இயற்கைப் பார்வை என்று எழுதுவதும் நம்மை ஏமாற்றும். பொலிவியா 2010-இல் பூமித்தாயின் உரிமைகளுக்குச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டே டிப்னிஸ் என்னும் பழங்குடிப் பகுதி வழியாக நெடுஞ்சாலை போட அதே அரசு முனைந்தது. அங்குள்ள பழங்குடிகள் தலைநகரை நோக்கி நடந்தார்கள். வழியில் போலீஸ் அவர்களை அடித்துக் கலைத்தது. சாலை வேண்டும் என்று கேட்டவர்களில் மலைப்பகுதியிலிருந்து வந்து குடியேறிய, கோக்கா இலை பயிரிடும் விவசாயிகள் இருந்தார்கள். அவர்களில் பலரும் பழங்குடி வழி வந்தவர்கள்தான்.