உங்கள் பாட்டு படத்திலும் விளம்பரத்திலும் வர வேண்டுமா? வடசென்னைப் பாடகர்களுக்குச் சில வழிகள்

விளம்பரங்களுக்கும் வெப் சீரிஸ்களுக்கும் பாட்டு தேடித் தருவது என் வேலை. வீடு பழைய வண்ணாரப்பேட்டை. அதனால் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கமிருந்து பாடுகிற தம்பிகள், தங்கைகள் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "எங்க பாட்டு எப்படிக்கா படத்துல வரும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பாட்டை யார் எடுக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். தமிழ் சினிமாவில் பாட்டு பெரும்பாலும் அந்தப் படத்துக்கென்றே பிறக்கிறது. டைரக்டர் சிச்சுவேஷன் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், அதற்கு வரிகள் எழுதுவார்கள். அங்கே உங்களைக் கூப்பிட்டால் குரலுக்காகவோ எழுத்துக்காகவோ கூப்பிடுவார்கள். 2006-இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதனும் 2012-இல் 'அட்டகத்தி'யில் கானா பாலாவும் பாடியபோது நம் பக்கத்துக் குரல் ஊரெல்லாம் கேட்டது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே பாடி முடித்து வைத்திருக்கும் பாட்டுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. ஹீரோ டீக்கடையில் நிற்கும்போது பின்னால் ஓடுகிற பாட்டு, ஆட்டோ ஸ்பீக்கரில் அலறிக்கொண்டு போகிற பாட்டு, கேரம் கிளப்பில் யாரோ போனில் வைத்திருக்கிற பாட்டு. அந்த இடத்தில் பிரபலமான சினிமாப் பாட்டைப் போட்டால் ஆடியோ கம்பெனிக்குப் பெரிய தொகை கட்ட வேண்டும். அவ்வளவு பட்ஜெட் இல்லாதவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். "கானா மாதிரி ஏதாவது இருக்கா? உடனே கிளியர் ஆகணும்" என்பார்கள், அதாவது உரிமை வைத்திருப்பவர்களின் கையெழுத்து உடனே கிடைக்க வேண்டும்.

விளம்பரத்தில் ஏஜென்சி ஆட்கள், டைரக்டர், எடிட்டர், கிளையன்ட் என்று எல்லோரும் தலையாட்ட வேண்டும். எடிட்டர் படத்தை வெட்டும்போதே ஏதோ ஒரு பாட்டை ரெஃபரன்ஸாகப் போட்டு வைத்திருப்பார். அதையே பத்து நாள் கேட்டு எல்லோருக்கும் காது பழகிவிடும். பிறகு அது விலை கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், அதே வேகத்தில், அதே குஷியில் இன்னொன்று தேடச் சொல்வார்கள். ஆக, உங்கள் பாட்டு 'நல்ல பாட்டு' என்பதற்காக மட்டும் எடுக்கப்படுவதில்லை. அந்தக் காட்சிக்குப் பொருந்த வேண்டும், சொன்ன நேரத்துக்குள் கையெழுத்தும் ஆக வேண்டும்.

அதற்காக நான் கேட்கும் முதல் கேள்வி: மெட்டு யாருடையது? கானாவில் இது சங்கடமான கேள்வி, தெரியும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவர் பழைய சினிமா மெட்டை எடுத்து, இறந்தவரின் பெயர், தெரு, அவர் பார்த்த வேலை எல்லாவற்றையும் அங்கேயே வரியாகக் கட்டுவார். அந்த வித்தையைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அந்தப் பாட்டை விளம்பரத்தில் வைக்க முடியாது. வரி உங்களுடையது, மெட்டு வேறொருவருடையது. இசையமைத்தவர் காலமான பிறகும் 60 வருஷம் அந்த உரிமை இருக்கும். ரெண்டு சுரத்தை மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கவர் பாட சட்டத்தில் இடமிருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது, முதல் ரெக்கார்டிங் வந்து 5 வருஷம் கழித்து, ஒலிப்பதிவாக மட்டும் வெளியிடுவதற்கு. காட்சியோடு சேர்க்க அது உதவாது. யூடியூபில் எடுத்த 'ஃப்ரீ பீட்' கதையும் இதுதான். காசு வராத உபயோகத்துக்குத்தான் ஃப்ரீ என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். மேடையில் என்ன வேண்டுமானாலும் பாடுங்கள். இதற்கென்று மெட்டும் தாளமும் முழுக்க உங்களுடையதாக மூன்று நான்கு பாட்டுகள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாட்டுக்குள் மூன்று உரிமைகள் இருக்கின்றன: வரி, மெட்டு, ரெக்கார்டிங். முதல் இரண்டும் எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும். ரெக்கார்டிங், பொறுப்பெடுத்து அதைத் தயாரித்தவருக்கு. நம் ஏரியாவில் சிக்கல் வருவது இந்த மூன்றாவதில்தான். ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் காசு வாங்காமல் ரெக்கார்ட் பண்ணித் தருவார், தன் சேனலிலேயே ஏற்றுவார். பாட்டு ஓடாதவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு முறை டூ வீலர் விளம்பரம் ஒன்றுக்கு எம்.கே.பி. நகர் தம்பி ஒருவரின் பாட்டை டைரக்டர் கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொண்டார். ராத்திரி எட்டு மணிக்குள் கிளையன்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். டோலக் அடித்தவர் மூலக்கொத்தளத்தில் ஒரு சாவில் இருந்தார், போன் எடுக்கவில்லை. ஸ்டுடியோக்காரர், ரெக்கார்டிங் என்னுடையது, எனக்குப் பாதி வேண்டும் என்றார். பாடிய தம்பியோ, உங்களுக்கு எதற்குப் பாதி என்று அவரிடம் கேட்டார். எட்டரைக்கு ஏஜென்சியில் ஒரு ரெடிமேட் லைப்ரரி டிராக்கை வைத்து முடித்துவிட்டார்கள். டிவியில் அந்த விளம்பரம் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆகவே ரெக்கார்டிங் முடிந்த அன்றைக்கே, வீட்டுக்குக் கிளம்பும் முன், ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பாட்டின் பெயர், தேதி, யார் எழுதியது, யார் மெட்டு, யார் பாடியது, யார் என்ன வாசித்தது, ரெக்கார்டிங் யாருடையது, காசு வந்தால் யாருக்கு எத்தனை பங்கு, எல்லோர் சார்பிலும் பேசிக் கையெழுத்துப் போடுகிறவர் யார். எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்களிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள்.

அடுத்தது எடிட்டரின் மேஜை. 30 செகண்ட் விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து செகண்டில் அம்மா கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிறாள், வசனம் இல்லை. பிறகு பையனும் அப்பாவும் பேசுகிறார்கள். கடைசி நான்கு செகண்ட் பாக்கெட்டும் குரல் அறிவிப்பும். உங்கள் பாட்டில் முதல் 40 செகண்ட் ஆலாபனை என்றால் அவர் கர்சரை இழுத்துக்கொண்டே போவார், பத்து செகண்டில் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார். அவருக்கு வேண்டியது இதுதான்: டோலக் உருட்டலோடு ஒரு பளிச் தொடக்கம், பேச்சு வரும் இடத்தில் குரல் இல்லாத வெறும் வாத்தியம், முடிவில் ஒரே அடியாக நிற்கும் ஒரு 'டக்'. ஃபேட் அவுட் அவருக்கு உதவாது, பாக்கெட் வரும் நொடியில் பாட்டு முடிந்திருக்க வேண்டும். நீளப் பாட்டை மாற்ற வேண்டாம். அதிலிருந்தே 15, 30, 60 செகண்ட் வெட்டுகளைச் செய்து, ஒவ்வொன்றையும் நறுக்கென்று முடித்துக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் மிக்ஸிங் நாளிலேயே செய்தால் அரை மணி நேர வேலை. முழுப் பாட்டு, குரல் இல்லாத இன்ஸ்ட்ருமென்டல், குரல் மட்டும், தாளம் மட்டும் என்று தனித்தனி ஸ்டெம்கள். எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக. வாட்ஸாப்பில் வந்த ஆடியோவிலிருந்து யாரும் விளம்பரம் மிக்ஸ் பண்ண மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஸ்டெம் கேட்டால் ஸ்டுடியோ ஹார்ட் டிஸ்க்கில் அது இருக்காது, அன்றே வாங்கிவிடுங்கள்.

வரிகள் பற்றி ஒன்று. கஞ்சா, கெட்ட வார்த்தை, நடிகர் பெயர், கட்சித் தலைவர் பெயர், வேறு கம்பெனியின் பிராண்ட் பெயர் இருந்தால் விளம்பரத்தில் கதை முடிந்தது. அதற்காக உங்கள் பாஷையை மாற்றிக்கொள்ளாதீர்கள். காசிமேட்டு ஏலச் சத்தமும் கல்மண்டபத்து மார்க்கெட்டும் வருகிற பாட்டுக்குத்தான் எங்களைத் தேடி வருகிறார்கள். அந்த ஒன்றிரண்டு வார்த்தைகளை மட்டும் மாற்றி இன்னொரு டேக் பாடி வையுங்கள், போதும்.

அனுப்பும்போது இருபது பாட்டு வேண்டாம், மூன்று போதும். யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய டிரைவ் லிங்க். பெர்மிஷன் கேட்கிற லிங்க்கை அவசரத்தில் யாரும் திரும்பத் திறப்பதில்லை. ஃபைல் பெயரிலேயே பாட்டு, பாடகர், போன் நம்பர். கூடவே இரண்டு வரி: "வேகமான கானா, டோலக், பெண் குரல், கல்யாண வீட்டுக் குஷி. உரிமை எல்லாம் எங்களுடையது, ஒரே ஆள் கையெழுத்து." இந்தக் கடைசி வாக்கியத்தைப் பார்த்ததும் நான் முதலில் அந்தப் பாட்டைத்தான் கேட்பேன்.

ஒப்பந்தம் வந்தால் எங்கே, எத்தனை நாள், எந்த ஊடகம் என்ற மூன்றையும் தேடுங்கள். தமிழ்நாடு டிவியில் ஒரு வருஷத்துக்கு ஒரு விலை, உலகம் முழுக்க எல்லா ஊடகத்திலும் என்றைக்கும் என்றால் வேறு விலை. பாட்டின் உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்பது 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம். வேறு பிராண்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தால் அதற்குத் தனியாகக் காசு கேளுங்கள். படத்தில் வரும் பாட்டு தியேட்டருக்கு வெளியே எங்கே ஓடினாலும், எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டி பங்கு உண்டு. 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதை விட்டுக் கொடுக்கிறேன் என்று உங்களிடம் எழுதி வாங்கினாலும் செல்லாது. ஆனால் அந்தக் காசு தானாக வீட்டுக்கு வராது. எழுதுகிறவரும் மெட்டுப் போடுகிறவரும், அவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்-இல் உறுப்பினராகச் சேர வேண்டும். பாட்டு பயன்பட்ட பிறகு தயாரிப்பு நிறுவனத்திடம் கியூ ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாட்டு, எத்தனை செகண்ட், யாருடையது என்று அதில் இருக்கும். நீங்கள் மேடையில் 'கானா' சேர்த்து ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் வைத்திருப்பவர் என்றால், உறுப்பினர் படிவத்திலேயே இரண்டையும் எழுதிவிட்டு, கியூ ஷீட்டில் எழுத்து பிசகாமல் அதே பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.