கோமாளி மீன் சோடியின் நடத்தை மாறும்போது

ஒட்டித் திரிந்த கோமாளி மீன் சோடியில் ஒன்று மற்றதைத் திடீரெனத் துரத்தத் தொடங்கினால், அவசரப்பட்டு ஒன்றைப் பிடித்து வேறு தொட்டியில் விட வேண்டாம். அந்நேரத்தில் நம் கண் துரத்தும் பெரிய மீனின் மேலேயே நிற்கும். ஆனால் தீர்மானிக்க உதவுவது சிறிய மீன் அதற்கு எவ்வாறு பதிலளிக்கிறது என்பதே.

கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் மேலோங்கும் ஒன்று மட்டும் பெண்ணாக மாறுகிறது. எனவே சோடியில் பெரியது பெண், சிறியது ஆண். பெண் இடையிடையே ஆணை முட்டியும் கொத்தியும் தன் மேலாண்மையை உறுதிசெய்யும்போது, ஆண் உடலை வேகமாக நடுக்கி, சிலவேளை பக்கவாட்டில் சரிந்து, பணிவைக் காட்டும். இதை வலிப்பென்று எண்ணி மருந்து ஊற்றுவது மீன்களுக்குச் செய்யும் பெரும் தீங்கு. நடுங்கிய மீன் சற்று நேரத்தில் பெண்ணின் அருகே திரும்பி, வழமைபோல் உணவும் உண்டால், உறவு நலமாகவே இருக்கிறது. மாறாக, அதன் செட்டைகள் கிழிந்து, நீர்மட்டத்து மூலையிலேயே ஒதுங்கி, உணவுக்கும் வராமல் இருந்தால், துளையிட்ட தெளிவான பிளாஸ்டிக் தகட்டால் தொட்டியை மறித்து, ஒன்றையொன்று பார்க்கக்கூடியவாறு சில நாள்கள் பிரித்து வையுங்கள். கண்ணுக்கு எட்டாத இடத்தில் நெடுநாள் வைத்தால், மீண்டும் சேர்க்கும்போது சண்டை புதிதாகத் தொடங்கக்கூடும்.

இரண்டும் சேர்ந்து ஒரு கல்லையோ சட்டியின் பக்கத்தையோ வாயால் கொத்தித் துப்புரவு செய்தால், அது முட்டையிடுவதற்கான ஆயத்தம். செம்மஞ்சள் நிற முட்டைகள் நாளடைவில் கருமையாகி, பொரிக்கும் தறுவாயில் வெள்ளிக் கண்களுடன் மினுங்கும்; ஏறக்குறைய ஒரு வாரம் முதல் 10 நாள்களுக்குள், இருள் சூழ்ந்தபின் பொரிக்கும். அதுவரை ஆண் செட்டையால் விசிறிப் பராமரிக்க, பெண் காவல் நிற்கும். அப்போது கையைக் கடிப்பது இயல்பு. தொட்டி வேலையை நீண்ட இடுக்கியால் செய்யுங்கள், கற்களை இடம் மாற்றாதீர்கள்.

இரு மீன்களும் ஒரே நேரத்தில் சோர்ந்து, பூக்களை (செவுள்களை) வேகமாக அசைத்தால், பிணக்கைத் தேடாமல் நீரைச் சோதியுங்கள். மட்டக்களப்பில் கடல்நீர் எடுத்துத் தொட்டி வைப்போருக்கு மாரி காலமே சோதனைக் காலம்: வாவி நீர் முகத்துவாரம் வழியே கடலில் கலக்கும் நாள்களில், அதன் அண்மையில் எடுக்கும் நீரின் உவர்த்தன்மை மிகத் தாழ்ந்திருக்கும். நீரின் ஒப்படர்த்தியை அளக்கும் நீர்மானியில் 1.023 முதல் 1.026 வரை காட்டாத நீரைத் தொட்டியில் சேர்க்க வேண்டாம். வெப்பநிலை 25 முதல் 28 பாகை செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. மின்தடை நேரத்துக்குப் பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று கட்டாயம் வேண்டும். உடலில் வெண்ணிறச் சளி படர்ந்திருந்தால், அது நோய்; தாமதிக்காமல் தனித்தொட்டியில் சிகிச்சை தொடங்க வேண்டும்.

பெண் இறந்துவிட்டால், எஞ்சிய ஆண் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் பெண்ணாக மாறக்கூடியது. ஆகவே பெரிய மீன் ஒன்றை வாங்கி விடாமல், அதே இனத்தில் தெளிவாகச் சிறிய இளம் மீனையே தகட்டுக்கு அப்பால் வைத்துப் பழக்குங்கள். இலங்கைக் கடலில் வாழும் கிளார்க் கோமாளியைக் கடையில் வாங்கிய ஒசெலாரிஸ் இனக் கோமாளியுடன் சேர்க்க வேண்டாம். கிளார்க் கோமாளி பெரிதாக வளர்வது, மூர்க்கமும் கூடியது.