டிடிஎஸ் மீட்டரைப் பார்த்துத் தண்ணீர் வாங்குகிறீர்களா?

ஆர்ஓ (மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பை வடிகட்டும் மெஷின்) நல்லதா, கேன் நல்லதா, கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லதா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதிப் பேருக்குத் தெரியாது. மோட்டார் போட்டால் வருகிறது, அவ்வளவுதான். அது ஏரித் தண்ணீரா, போர் தண்ணீரா, லாரியில் வந்ததா, இல்லை மூன்றும் ஒரே சம்ப்பில் கலந்து கிடக்கிறதா என்று பார்க்காமல் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஃபில்டர் வாங்குவது, என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுவது மாதிரிதான்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு ஃபில்டர் விற்கிற பையன் ஒருவன் வந்தான். இரண்டு டம்ளர் கேட்டான். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன கருவியை இரண்டிலும் முக்கி பிளக்கில் செருகினான். ஒரே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் பச்சையும் கறுப்புமாக ஒரு சகதி மேலே மிதக்க ஆரம்பித்துவிட்டது. அவனுடைய டம்ளர் கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தது. "இதையா இத்தனை வருஷம் குடிச்சோம்" என்று அம்மா நெஞ்சில் கையை வைத்துவிட்டார்.

சகதி தண்ணீரில் இருந்து வரவில்லை, கம்பியில் இருந்து வந்தது. அந்தக் கருவியில் இருப்பது இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும். தண்ணீரில் கரைந்த உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக வெளியே வரும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. நான் அவனுடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, இப்போது கம்பியை வையுங்கள் தம்பி என்றேன். அடுத்த தெருவில் ஒருவர் காத்திருக்கிறார் என்று கிளம்பிவிட்டான்.

டிடிஎஸ் மீட்டரின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவி தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்த்து, மொத்தமாக எவ்வளவு உப்பு கரைந்திருக்கும் என்று ஒரு எண்ணைக் காட்டும், அந்த எண்தான் டிடிஎஸ். என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்று சுத்தமாகத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீர் 300 என்று காட்டலாம், யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத கிணற்றுத் தண்ணீர் 700 என்று காட்டலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தில் (ஐஎஸ் 10500) டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. ஆக, 600 என்று பார்த்தவுடன் பயந்து ஓட வேண்டியதில்லை, 80 என்று பார்த்தவுடன் கொண்டாடவும் வேண்டியதில்லை.

இதற்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே பாறையில் இருந்தே ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், அதிகபட்சம் 1.5. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், இன்னும் அதிகமானால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். அந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், வாடையே இருக்காது. மூன்று மில்லிகிராம் ஃபுளோரைடை டிடிஎஸ் மீட்டர் எங்கே காட்டப்போகிறது? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்து காவிரித் தண்ணீரை 2013இல் அந்த மாவட்டங்களுக்குக் கொடுத்ததே இதற்காகத்தான்.

இங்கேதான் "எதுவானாலும் கொதிக்க வைத்துவிட்டால் போதும்" என்ற நம்பிக்கையும் கவிழ்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் எதுவும் ஆவியாகிப் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். கிருமிக்காகக் கொதிக்க வைக்கிறவர்களும் அடியில் நாலு குமிழ் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். அப்புறம், ஆறவில்லையே என்று பச்சைத் தண்ணீரைக் கலந்து விளாவுவது! அதற்கு கேஸை மிச்சம் பிடித்திருக்கலாம்.

ஃபுளோரைடோ உப்போ அளவுக்கு மேல் இருந்தால் ஆர்ஓ வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சிறுவாணித் தண்ணீர் வருகிற கோயம்புத்தூர் வீட்டில் ஆர்ஓ எதற்கு? ஏற்கெனவே சுவையாக இருக்கிற தண்ணீரைச் சப்பென்று ஆக்கி, ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர்வரை சிங்க்கில் ஓட விடுகிறோம். டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் உத்தரவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் கிருமிதான் கவலை என்றால் புற ஊதா வெளிச்சத்தால் கிருமியைக் கொல்லும் யூவி ஃபில்டர் போதும், கொதிக்க வைத்தாலும் போதும். யூவிக்குத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கலாக இருந்தால் வெளிச்சம் கிருமிவரை போகாது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் உண்டு. ஆர்ஓ குடித்தால் சத்தெல்லாம் போய் எலும்பு உளுத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீரை இரண்டு லிட்டர் குடித்தால் 150 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில் 300க்கு மேலே இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிற வீட்டில் சத்துக்காகத் தண்ணீரை நம்பி யாரும் இல்லை. இதைவிட ஆபத்து, இந்தப் பயத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு டிடிஎஸ் திருகைத் திறந்து வைப்பது. நிறைய மெஷின்களில் அந்தத் திருகு செய்கிற வேலை, மெம்பரேன் என்கிற அந்தச் சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலப்பதுதான். நல்ல தண்ணீர் என்றால் பரவாயில்லை. ஃபுளோரைடுக்காக ஆர்ஓ வாங்கியவர் திருகைத் திறந்தால், எதை வெளியேற்றக் காசு கொடுத்தாரோ அதையே திரும்ப டம்ளருக்குள் விடுகிறார்.

உடம்பின் அமிலத்தைக் குறைக்கும் என்று சொல்லி விற்கிற ஆல்கலைன் (காரத்தன்மை கூட்டிய) தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றுக்குள் இருக்கிற அமிலத்தின் முன்னால் அது நிற்காது, ரத்தத்தின் காரத்தன்மையை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. செம்புக் குடம் கொஞ்சம் வேறு. இரவெல்லாம் வைத்தால் கிருமிகள் குறைவது உண்மை, ஆனால் உப்பையோ ஃபுளோரைடையோ அது எடுக்காது. எலுமிச்சை பிழிந்த தண்ணீரை அதில் வைக்காதீர்கள், செம்பு கரையும்.

கேன் தண்ணீருக்கு வருவோம். அதை மினரல் வாட்டர் என்று சொல்வதே முதல் தவறு. பெரும்பாலும் அது போர் தண்ணீரை ஆர்ஓ செய்து அடைத்தது. ஐஎஸ் 14543 என்று போட்டிருந்தால் அது சாதாரண அடைக்கப்பட்ட குடிநீர், இயற்கை மினரல் வாட்டருக்கு எண் வேறு, 13428. கேன் வாங்கும்போது நாம் பார்ப்பதெல்லாம் முப்பது ரூபாயா நாற்பது ரூபாயா என்பதுதான். மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா, அடைத்த தேதி தெரிகிறதா, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா, கேன் உள்ளே பச்சை படிந்து கீறல் விழுந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அடைக்கப்பட்ட குடிநீரை மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 நவம்பரில் அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தது, சும்மா சேர்க்கவில்லை. கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்த கேனை நான் வாங்குவதே இல்லை.

கார்ப்பரேஷன் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. லேசான அந்தக் குளோரின் வாடைதான் குழாயில் வரும் வழியில் கிருமி சேராமல் காவல் காக்கிறது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பதே விதி. ஒரு பாத்திரத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் வாடை போய்விடும். ஒரு காலத்தில் அடித்த வாடை திடீரென்று சுத்தமாக நின்றுபோனால்தான் நான் யோசிப்பேன்.

இவ்வளவும் செய்து சுத்தமாக்கிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, கை நனைய டம்ளரை விட்டு மொண்டு குடிக்கிறோம். வயிற்றுப்போக்குக்கு இந்த ஒரு வழி போதும். நீளக் காம்பு வைத்த கரண்டி அல்லது அடியில் குழாய் வைத்த பானை, நூறு இருநூறு ரூபாய் சமாச்சாரம். சம்ப்பைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

சரி, நம் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் ஒரு ஃபில்டர் கேண்டில் விலையைவிட அதிகம் இருக்காது. சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடித்துக் கொடுங்கள். கிருமிப் பரிசோதனை என்றால் அலசக் கூடாது, அவர்களே தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கிருமி) நான்கையும் கேட்டு வாங்குங்கள். போர் தண்ணீர் என்றால் கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஃபில்டர் கடைக்குப் போங்கள், கம்பியை முக்கிக் காட்டுவதற்கு முன்னால் அதை எடுத்து நீட்டுங்கள்.