ஸ்டாண்ட் மிக்சர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்பேர் கிடைக்குமா என்று கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய கிரைண்டர்கள் பல வீடுகளில் இன்னும் மாவாட்டுகின்றன. பெல்ட்டும் கெப்பாசிட்டரும் உள்ளூரிலேயே கிடைக்கும், மெக்கானிக்குக்கும் கழற்றி மாட்டத் தெரியும், அதனால்தான். கேக்குக்கும் பன்னுக்கும் மாவு அடித்துப் பிசையும் ஸ்டாண்ட் மிக்சர் வாங்கும்போதும் இந்தக் கணக்கையே போடுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். 1200 வாட்ஸ் என்பது மோட்டார் எடுக்கும் மின்சாரம்தான், மாவு பிசையும் கொக்கியில் கிடைக்கும் பலம் அல்ல. உலோகக் கியர் உள்ள 300 வாட்ஸ் மிக்சர், பிளாஸ்டிக் கியர் வைத்த 1200 வாட்ஸை விட நன்றாகப் பிசையக்கூடும்.

கடையில் மிக்சரைக் கவிழ்த்துப் பாருங்கள். சாதாரண ஸ்க்ரூ இருந்தால் நல்லது. ஒட்டியோ கிளிப் போட்டோ மூடியிருந்தால் பழுது பார்ப்பது பெரும்பாடு. மோட்டார் இருக்கும் மேல்பகுதியான தலையை லாக் செய்து பக்கவாட்டில் ஆட்டுங்கள். புதிதிலேயே ஆடினால் வேண்டாம். கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும், தேயும் கார்பன் துண்டு), கியர் இரண்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். பிரஷ் இல்லாத மோட்டாரில் சத்தம் குறைவுதான், ஆனால் அதை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டு போனால் செலவு அதிகம். நம் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்குவதை நினைத்தால் பிரஷ் மோட்டாரே மேல்.

வீட்டுக்கு 4.5 முதல் 5 லிட்டர் கிண்ணம் போதும். அதைவிடப் பெரிதானால் இரண்டு முட்டை வெள்ளைக்கரு, முட்டை அடிக்கும் கம்பியான விஸ்குக்கு எட்டாது.

வாங்கியதும் ஒரு ரூபாய்க் காசைக் கிண்ணத்தில் போட்டு, பீட்டரை (மாவு கலக்கும் தட்டைத் துடுப்பை) மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் காசு சற்றே நகர வேண்டும். அசையவே இல்லையென்றால் பீட்டருக்கும் கிண்ணத்தின் அடிக்கும் இடைவெளி அதிகம். சுற்று முழுக்கத் தள்ளிக்கொண்டே போனால் பீட்டர் அடியில் உரசுகிறது. தலை மடங்கும் இடத்தில் உள்ள ஸ்க்ரூவைக் கால் திருப்பாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

பன் மாவுக்கு 500 கிராம் மைதாவும் 310 மில்லி குளிர்ந்த தண்ணீரும். பிசைய எப்போதும் 2-ஆம் வேகம், 8 முதல் 10 நிமிடம். வேகத்தைக் கூட்டினால் கியருக்குத்தான் கேடு. சித்திரை வெயிலில் சாதாரணத் தண்ணீர் ஊற்றினால் மாவு சூடாகிப் பிசுபிசுக்கும். சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் போட்டு மிக்சரை வதைக்காதீர்கள், அதற்குக் கை போதும்.

மோட்டார் சத்தம் கேட்கிறது, கொக்கி சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கியர் பல் போயிருக்கும். சில மாடல்களில் மோட்டாரைக் காப்பாற்றவே அந்த ஒரு கியரை மென்மையாக வைத்திருப்பார்கள். அதை மட்டும் மாற்றினால் போதும். தீப்பொறி அதிகமாகி, விட்டு விட்டு ஓடினால் கார்பன் பிரஷைப் பாருங்கள். 6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டு பிரஷையும் சேர்த்தே மாற்றுங்கள். கிண்ணத்தில் எண்ணெய் சொட்டுகிறதா? பல மாதம் ஓட்டாமல் வைத்ததில் கிரீஸ் பிரிந்திருக்கும். துடைத்துவிட்டுச் சில நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். நிற்காவிட்டால் பழைய கிரீஸை வழித்தெடுத்துவிட்டு உணவுக்கு உகந்த கிரீஸ் வைக்க வேண்டும். வண்டிக் கிரீஸ் கூடாது.

சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து உறவுக்காரர்கள் கொண்டுவந்தால் பிளக்கை மாற்றினால் போதும். அமெரிக்க மிக்சர் 120 வோல்ட். நம் 230-இல் நேராகச் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். 300 வாட்ஸ் மிக்சருக்குக் வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர், குறைந்தது 500 விஏ (டிரான்ஸ்பார்மர் தாங்கும் திறனின் அளவு) வேண்டும். அந்த விலையையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால் இங்கேயே வாங்குவது லாபம்.