பாலைவன கிடாரில் பங்க்: முதல் பாட்டை நீங்களே பதிவு செய்யலாம்

2024-இல் ம்டூ மொக்தாரின் ‘ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்’ ஆல்பத்தைக் கேட்க உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடிவதற்குள் கை கிடாரைத் தேடியது. மொக்தார் நைஜர் நாட்டுக்காரர், சகாரா பாலைவனத்தில் வாழும் துவாரெக் இனத்தவர். அவரோடு பேஸ் வாசித்து அந்த ஆல்பத்தைத் தயாரித்த மைக்கி கோல்டன், வாஷிங்டன் நகரத்துப் பங்க் இசையில், அதாவது வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசையில் ஊறியவர். சகாரா மெட்டும் பங்க் வேகமும் அதில் ஒட்டுப்போட்டது போல இல்லை, ஒன்றாகவே பிறந்தது போல இருக்கின்றன. அது எப்படி என்று வாசித்துப் பார்த்தால்தான் பிடிபடும். பவர் கார்டு (இரண்டு சுரங்களை மட்டும் சேர்த்து ஒலிக்கும் எளிய பிடி) இரண்டு தெரிந்தாலே ஆரம்பித்துவிடலாம்.

படி 1: கிடாரைத் தொடும் முன் கேளுங்கள்

மாலியின் துவாரெக் இசைக்குழுவான தினாரிவெனில் தொடங்குங்கள். அதை நிறுவிய இப்ராஹிம் அக் அல்ஹபிப், சிறுவனாக இருந்தபோது தகர டப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு தன் முதல் கிடாரைச் செய்துகொண்டவர். 1963-இல் மாலியில் நடந்த துவாரெக் கிளர்ச்சியின்போது அவருடைய தந்தை கொல்லப்பட்டார். ஊர் இழந்து, வறட்சியில் ஆடுமாடு இழந்து, அல்ஜீரியாவிலும் லிபியாவிலும் வேலை தேடி அலைந்த இளைஞர்களை ‘இஷுமார்’ என்றார்கள். வேலையற்றவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அவர்களுடைய பாட்டுகள் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதியெடுக்கப்பட்டே சகாரா முழுக்கப் பரவின.

அப்புறம் ரமோன்ஸ் என்ற அமெரிக்கப் பங்க் குழுவின் 1976 ஆல்பம். 14 பாட்டு, மொத்தமே அரை மணி நேரம்கூட இல்லை. இரண்டையும் கேட்டுவிட்டு மொக்தாருக்கு வாருங்கள். பக்கவாட்டில் லே ஃபீய் த இல்லிகதாத் என்ற துவாரெக் குழுவின் பெண்களையும் கேளுங்கள்.

படி 2: கட்டை விரலும் ‘தகிட’வும்

நேரம் இங்கேதான் போக வேண்டும். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

துவாரெக் கிடாரில் ஒரு தடித்த கம்பி சுருதி போல அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கும், மேலே மெல்லிய கம்பிகளில் மெட்டு ஓடும். இரண்டையும் வாசிப்பது ஒரே கை. மொக்தார் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) பிடிப்பதில்லை, விரல்தான். நீங்களும் பிக்கைக் கீழே வையுங்கள்.

தடித்த கம்பி ஆறாவது, அதற்கு அடுத்தது ஐந்தாவது. இடது கையால் எதையும் அழுத்தாமல் ஐந்தாவது கம்பியைக் கட்டை விரலால் மீட்டுங்கள். வாயால் ‘தகிட தகிட’ சொல்லுங்கள். ஒவ்வொரு ‘த’வுக்கும் கட்டை விரல் விழ வேண்டும். பல பாலைவனப் பாட்டுகளின் நடை இதுதான். தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ‘தகிட’. பேச்சு கொடுத்தாலும் கட்டை விரல் நிற்காத நிலை வந்ததும் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: மெட்டு

முதல் ‘தகிட’: ‘த’வுக்கு ஐந்தாவது கம்பி. ‘கி’க்கு மூன்றாவது கம்பியை ஆள்காட்டி விரலால் மீட்டுங்கள், எதையும் அழுத்த வேண்டாம். ‘ட’வுக்கு வலது கை சும்மா இருக்கட்டும், அதே கம்பியில் இரண்டாவது ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கிடார்க் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) இடது விரலால் ஓங்கித் தட்டுங்கள், ஒலி அந்தத் தட்டிலிருந்தே வர வேண்டும். இதற்கு ஹாமர்-ஆன் என்று பெயர்.

இரண்டாவது ‘தகிட’: ‘த’ அதேதான். ‘கி’க்கு இரண்டாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். ‘ட’வுக்கு மூன்றாவது ஃப்ரெட்டில் தட்டுங்கள்.

இந்த இரண்டையும் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். ஐந்து நிமிடம் நிறுத்தாமல் வாசித்தால், எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துபோகும் ஒரு கட்டம் வரும். துவாரெக் மக்கள் ‘அசூஃப்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தனிமை, ஏக்கம், ஊர் நினைப்பு எல்லாம் அதில் அடங்கும். இந்த இசைக்கும் அதுவே பெயர்.

படி 4: பங்க்

இரண்டாவது கிடாரை நண்பரிடம் கொடுங்கள், அல்லது தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். இதற்குப் பிக் வேண்டும். ஏ பவர் கார்டைப் பிடித்து, ‘தகிட தகிட’வின் ஆறு எழுத்துக்கும் ஆறு கீழ்வீச்சு. மேல்வீச்சே கூடாது. நான்கு சுற்றுக்கு ஒருமுறை ஜி கார்டுக்குப் போய்த் திரும்புங்கள். மெட்ரோனோமை 60-லிருந்து நாளுக்கு ஐந்து ஐந்தாக ஏற்றி 110 வரை கொண்டுபோனால் மணிக்கட்டு எரியும். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஆம்பில் (கிடார் ஒலிபெருக்கியில்) ஒலியைக் கரகரப்பாக்கும் ‘கெயின்’ திருகைப் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம். அதிகமானால் சுருதிக் கம்பியும் மெட்டும் குழம்பிச் சேறாகிவிடும். முரட்டுத்தனம் கையிலிருந்து வரட்டும்.

படி 5: தாளமும் சொல்லும்

துவாரெக் பெண்கள் வாசிக்கும் ‘தெண்டே’, தானியம் குத்தும் உரலின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டிய மேளம். வீட்டில் டிரம்ஸ் இல்லையென்றால் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தட்டுங்கள். கூட இரண்டு பேர் கை தட்டட்டும்.

பாட்டு உங்கள் மொழியில் இருக்கட்டும். தெரியாத தமாஷெக் (துவாரெக் மொழி) சொற்களை அழகுக்காகச் சேர்க்காதீர்கள், அவை அந்த மக்களின் வலியைச் சுமந்தவை. உங்களுக்குக் கோபம் வரவைப்பதை நான்கு வரியில் எழுதி, ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிச் சொல்லுங்கள்.

படி 6: பதிவு

எங்கள் பாட்டு ஒன்றை முன்பு ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். ஒவ்வொரு தட்டையும் கணினியில் நேராக்கித் தந்தார்கள். சுத்தமாக இருந்தது, ஆனால் ‘தகிட’வின் ஆட்டம் போய்விட்டது. அதை நாங்கள் வெளியிடவில்லை.

எனவே எல்லோரும் ஒரே அறையில் ஒன்றாக வாசியுங்கள். போனை நடுவில், பாடுபவருக்கு அருகில் வையுங்கள். குடம் வாசிப்பவர் நான்கடி தள்ளி உட்காரட்டும். தினாரிவெனின் 2001 ஆல்பமே மாலியின் கிடால் ஊரில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில், மின்சாரம் இருந்த நேரத்துக்குள் பதிவானதுதான்.

மூன்று தடவை மட்டும் வாசியுங்கள். மூன்றில் எதைக் கேட்கும்போது கால் தானாகத் தட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் யாரோ இருமியிருந்தாலும் சரி. மொக்தாரின் ஆரம்பகாலப் பாட்டுகள் மேற்கு ஆப்பிரிக்காவில் போனிலிருந்து போனுக்கு, மெமரி கார்டிலும் புளூடூத்திலும் பயணம் செய்தவை. உங்கள் பாட்டையும் இன்று ராத்திரியே ஒரு நண்பரின் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.