பன்றி ஒளியும் புதரை நீளக்கை வெட்டியால் திறப்பது எப்படி

பினாங்கில் நிபோங் திபால் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன செம்பனைத் தோட்டம் இருக்கிறது. மூன்று பக்கம் சுத்தம், நாலாவது பக்கம் பாரிட்டை (வடிகாலை) ஒட்டி லாலாங் புல்லும் செண்டுடுக் செடியும் பெரிய தொட்டாச்சிணுங்கியும் ஆள் உயரம் தாண்டிப் போய்விட்டன. காட்டுப்பன்றி பகல் முழுக்க அதற்குள் படுத்துக்கிடந்து, இருட்டியதும் வந்து செம்பனை இளங்கன்றைச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. லைசென்ஸ் உள்ள வேட்டைக்காரர்களைக் கூப்பிட்டால் வந்து பார்த்துவிட்டு, "இதுல பன்னி எங்க நிக்குதுன்னே தெரியாதுண்ணே, முதல்ல வெட்டி விடுங்க" என்றார்கள். பாராங் கத்தி பிடித்து வெட்ட இப்போது ஆள் ஏது? அதனால் டிராக்டரில் மாட்டும் நீளக்கை வெட்டியை (பூம் மோவர்) வாடகைக்கு எடுத்தேன். இறங்குவதற்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

இது டிராக்டரின் பின்புறம் மாட்டும் ஒரு நீளமான கை, அதன் நுனியில் கத்திகள் மாட்டிய உருளை சுற்றும் வெட்டுத் தலை. டிராக்டரின் பிடிஓ, அதாவது இஞ்சின் சக்தியை வெளியே எடுக்கும் தண்டு (பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்று), ஒரு பம்பை ஓட்டும், அந்த எண்ணெய் அழுத்தத்தில்தான் தலை சுற்றும். கையை நீட்டினால் ஐந்தாறு மீட்டர் போகும், அதனால் வண்டி கெட்டியான தரையில் நிற்க, பாரிட்டின் எதிர்க்கரையைக்கூட வெட்டலாம்.

காலம் பார்த்து இறங்குங்கள். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கொட்டும், அப்போது பாரிட் ஓரத்தில் டிராக்டரைக் கொண்டுபோனால் கரையோடு சரிந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் மண் இறுகியிருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம்: வெட்டுவதற்கு முந்தின நாள் நடந்து பாருங்கள். வண்டியில் உட்கார்ந்தால் பச்சை மட்டும்தான் தெரியும், அதற்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தெரியவே தெரியாது. நான் முதல் நாள் பாதித் தூரம் நடந்துவிட்டுப் போதும் என்று விட்டேன். மறுநாள் நடக்காத பாதியில் பழைய வேலியின் முள்கம்பி புல்லுக்குள் கிடந்தது. 'கிர்ர்' என்று ஒரு சத்தம், அப்புறம் தலை நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் உருளையைச் சுற்றி நூல்கண்டு மாதிரி கம்பி. இஞ்சினை அணைத்துவிட்டு, பட்டறையிலிருந்து வெட்டுக்குறடு வாங்கி வந்து துண்டு துண்டாக எடுத்து முடிக்கப் பாதி நாள் போனது. ஆகவே ஒரு நீளமான மூங்கில் குச்சியால் தட்டித் தட்டி நடங்கள். அடிக்கட்டை, கல், கம்பி, மூடிப்போன பாரிட், எலி பிடிக்க வைத்த ஆந்தைக் கூண்டின் கம்பம், எல்லைக் கல் என்று எது கண்டாலும் பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். நடக்கும்போது பூட்ஸ் போடுங்கள், புதருக்குள் நாகம் இருக்கும்.

தெபுவான் குளவியையும் அப்போதே தேடுங்கள். கிளையில் தொங்கும் கூடு கண்ணில் படும், தரைக்குள் இருப்பது படாது. குளவி ஒரே இடத்தில் போய் வந்துகொண்டிருந்தால் அங்கே கூடு இருக்கிறது என்று அர்த்தம். கூண்டு இல்லாத டிராக்டரில் உட்கார்ந்து கொண்டு அந்தக் கூட்டில் வெட்டுத் தலையை விட்டால் தப்பிப்பது கஷ்டம், நம் ஊரில் தெபுவான் கொட்டிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். நீங்களே கலைக்காமல் பொதுத் தற்காப்புப் படைக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுப்பார்கள்.

மேலே மின்கம்பி போனால் அதன் பக்கமே கையைத் தூக்காதீர்கள், அந்த இடத்தைப் பாராங்கிடம் விடுங்கள். தப்பித் தவறிக் கை கம்பியில் பட்டால் வண்டியை விட்டு இறங்காமல், யாரையும் கிட்டே வர விடாமல், 999-க்குச் சொல்லுங்கள். வண்டி தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, சேர்த்த காலோடு குட்டி எட்டு வைத்து விலகுங்கள்.

கை நீட்டிய பக்கம் டிராக்டரை இழுக்கும். எங்கள் வண்டியில் எதிர்ப்பக்கப் பின் சக்கரத்தில் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள், உங்களுடையதில் எதிர் எடை இருக்கிறதா என்று கேளுங்கள். சரிவில் கையைப் பள்ளத்துப் பக்கம் முழுதாக நீட்டாதீர்கள். கவிழ்ந்தால் காப்பாற்றும் இரும்புச் சட்டகம் இருக்கும் வண்டியில் சீட் பெல்ட் கட்டாயம்.

வெட்டும்போது மேலிருந்து கீழே வாருங்கள். முதல் ஓட்டத்தில் இடுப்பு உயரத்தில் தலையை வைத்து மேல்பாதியை எடுங்கள், இரண்டாவதில் கணுக்கால் உயரத்துக்கு இறக்குங்கள். ஒரேயடியாகக் கீழே விட்டால் தலை அடைத்துக்கொள்ளும், பள்ளமும் தெரியாது. செண்டுடுக்கைப் பாதியில் விட்டால் அடிக்கட்டை ஈட்டி மாதிரி நின்று டயரைக் குத்தும். வேகம் மனிதன் நடப்பதைவிடக் குறைவாக இருக்கட்டும். கண்ணைவிடக் காதை நம்புங்கள்: இஞ்சின் சத்தம் கனத்தால் வண்டியை நிறுத்திக் கையைக் கொஞ்சம் தூக்கி, சத்தம் லேசானதும் மறுபடி இறக்குங்கள். திடீரென்று அதிர்வு வந்தால் ஒரு கத்தி கழன்றிருக்கும், அப்படியே ஓட்டாதீர்கள். மணிக்கட்டுப் பருமன் உள்ள மரத்தைச் சங்கிலி ரம்பத்துக்கு விடுங்கள்.

தலையிலிருந்து கல் தோட்டா மாதிரி பறக்கும். நூறு மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது, உதவிக்கு வந்த தம்பியும்தான்.

வேட்டைக்காக என்றால் முழுப் புதரையும் மொட்டையடிக்க வேண்டாம். பன்றி அடுத்த தோட்டத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். நான்கு மீட்டர் அகலத்தில் நேர்க்கோடாகச் சந்து திறங்கள், நடுவில் புதர் இருக்கட்டும். பன்றி சந்தைக் கடக்கும் நேரத்தில்தான் கண்ணில் படும். சந்தின் மறுமுனை வீட்டையோ சாலையையோ பார்க்கக்கூடாது, குண்டு போய் நிற்க மண்மேடு இருக்க வேண்டும். எந்த முனையில் நிற்பது என்று சுடுபவரோடு நடந்தே முடிவு செய்யுங்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதியும் போலீசின் துப்பாக்கி உரிமமும் இருக்கிறதா என்று கையில் வாங்கிப் பாருங்கள்.

இறங்கும் முன் தலையைத் தரையில் வைத்து, பிடிஓவையும் இஞ்சினையும் அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போடுங்கள். உருளை உடனே நிற்காது, சத்தம் முழுதாக அடங்கும் வரை இருக்கையிலேயே இருங்கள். குழாயில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவாதீர்கள், ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தோலுக்குள் போனால் வலி இல்லையென்றாலும் அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி.

வெட்டியதைக் கொளுத்தாதீர்கள், 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். அப்படியே கிடந்து மக்கட்டும். லாலாங் வெட்டினால் மட்டும் சாகாது, மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. சில வாரத்தில் குருத்து ஊசி மாதிரி எழும்பும். முழங்கால் உயரம் வருவதற்குள் மறுபடி ஓட்டுங்கள், பூ விட விடாதீர்கள். வேட்டைச் சந்து இல்லாத இடத்தில் தரையை மூடிப் படரும் முகுனா கொடியைப் போட்டால் நிழலில் லாலாங் மெலிந்துபோகும், ஆனால் அந்தக் கொடி கன்றின் மேலும் ஏறும், கன்றைச் சுற்றி வட்டம் எடுக்க ஆள் வைத்துவிட்டு நடுங்கள்.